இடம் மறைத்து எழுதிய லேபிள்

மழைக்காட்டைப் பற்றி யாராவது என்னிடம் உருகிப் பேசினால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பச்சை, பனி, பறவைச் சத்தம் என்று ஆரம்பிப்பார்கள். நான் பதினாறு வருஷமாகப் பார்த்துவரும் மழைக்காடு பழுப்பு நிறம். புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில், இரும்பு அலமாரிகளில் தாள் தாளாக, ஏசி குளிரில், பாச்சை உருண்டை வாசனையோடு அது இருக்கிறது. அதைத் தைத்தவள் நான்.

ஊசியும் நூலும் வைத்துத்தான் தைத்தேன். காட்டிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் கிளைகளைச் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் மருந்து போட்டு, கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்டுவோம். இலை பசைக்கு அடங்கும். தடித்த குச்சி அடங்காது, தைத்தாக வேண்டும். நூல் இலை நரம்பின் மேல் ஏறக் கூடாது, முடிச்சு தாளின் பின்பக்கம் விழ வேண்டும், ஒரு மொட்டுகூட உதிரக் கூடாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் என் அத்தாவுக்குத் தையல்கடை இருந்தது. காஜா எடுக்கிற வேலையை என்னிடம்தான் கொடுப்பார். அந்தக் கையை நம்பித்தான் ஆய்வகத்தில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆங்கிலக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி, லேபிள் எழுதுகிற வேலையையும் கொஞ்ச நாளில் என் தலையில் கட்டினார்கள். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சீட்டு. மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர். எழுதியவள் பெயருக்கு அதில் இடம் கிடையாது.

எடுத்தவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். பாகூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம், தாவரவியல் படித்துவிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தவர். மாதத்தில் பாதி நாள் மேற்கே மலையில் இருப்பார், மீதி நாள் எங்கள் மாடியில். காலெல்லாம் அட்டை கடித்த தழும்போடு, ஈர மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வருவார். ஒருமுறை நான் பிரித்த செய்தித்தாளிலிருந்து காய்ந்து சுருண்ட அட்டை ஒன்று மடியில் விழுந்து, நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அண்ணா சிரிப்பை அடக்க முடியாமல், "அதுக்கும் ஒரு லேபிள் எழுதிடும்மா" என்றார்.

என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர். நோன்பு மாதத்தில் என் எதிரில் டீ குடிக்க மாட்டார். பெருநாள் அன்று குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுவார். அவர் மகளுக்கென்று அம்மா தனியாக ஒரு டப்பா கட்டிக் கொடுப்பார். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. அதனால் இதையெல்லாம் நான் கொஞ்சம் அதிகமாகவே பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் தைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து மூட்டை பிரிப்பார், பேசிக்கொண்டே இருப்பார். அவ்வளவு பெரிய காடு நிற்கிற மண்ணில் சத்தே கிடையாது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

"அது அன்னாடங்காய்ச்சி காடும்மா. சேத்து வெக்கத் தெரியாது. இல விழுந்தா நாலஞ்சு மாசத்துல மக்கிப் போயிடும். காளான் அத எடுத்து வேருக்குக் குடுத்துடும். வர்றத அப்பப்ப சாப்டுட்டு உயிரோட இருக்குது. மரத்த வெட்டிட்டன்னு வெச்சுக்க, ரெண்டு மழையில மண்ணு மொத்தமும் ஆத்துக்குப் போயிடும். அப்புறம் நீ என்னா நட்டாலும் அந்தக் காடு வராது."

அவர் சொல்லச் சொல்ல, கையிலிருக்கிற பழுப்புக் குச்சி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. அதற்காக அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கூட்டுகிறது.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் கொண்டுவந்த மூட்டையை என்னைப் பிரிக்க விடவில்லை. தானே பிரித்தார். நீள இலைகளும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூக்களும் உள்ள ஒரு கிளை. காட்டு ஜாதிக்காய் இனத்தில் ஒன்று, சேற்றில் மட்டும் வளர்வது. மலைச் சரிவில் ஓர் ஓடை, அதன் கரையில் ஒரு சதுப்பு, அதில் இந்த மரங்கள் பதினொன்று. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இந்த மரத்தை யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வகத் தலைவர் வயதானவர், பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எல்லாரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு அண்ணாவின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் சொல்லியிருந்த ஓடைப் பெயரை லேபிளில் எழுதப் போனபோது அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஓட பேர எழுதாதம்மா. பக்கத்துல இருக்கற ஊரு பேர மட்டும் போடு."

"அந்த ஊரு இருவது கிலோமீட்டர் தள்ளி இருக்குதுன்னீங்களே?"

"அதனாலதான் சொல்றேன். எடத்த எழுதுனா நாளைக்கே நர்சரிக்காரன் வருவான், மருந்துக்காரன் வருவான், பட்டைய உரிச்சுட்டுப் போயிடுவான். நெஜமான எடம் என் நோட்டுல இருக்குது. அது போதும்."

இது அவர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. அரிய செடி என்றால் இடத்தை மறைத்து எழுதுவது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான். முசேவும் தலையாட்டினார். நான் ஊர் பெயரை எழுதினேன். அந்தத் தாளை அலமாரியில் வைத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. தையல்கடைக்காரர் மகள் ஒருத்தி ஒரு காட்டைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆய்வகத்தில் எல்லாரையும் மலைக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் சதுப்புக்கு அண்ணா தானே ஜீப்பை ஓட்டி, என்னை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனார். போனை மழைக்குப் பயந்து ஜீப்பிலேயே வைத்துவிட்டேன். வழியெல்லாம் வளைவு, வாந்தி, கண்ணைத் திறக்கவே இல்லை. இறங்கி நடந்து உள்ளே போனதும் நின்றுவிட்டேன். சேற்றிலிருந்து வேர்கள் முழங்கால் மடக்கியதுபோல் வளைந்து வெளியே வந்து, திரும்பச் சேற்றுக்குள்ளேயே போயின. தண்ணீரில் மூச்சு முட்டாமல் இருக்க அந்த மரம் செய்துகொண்ட ஏற்பாடு. மேலே எங்கோ இருவாச்சி பறந்தது, இறக்கை அடித்த சத்தம் கீழேவரை கேட்டது. அதுதான் காயைத் தின்று விதையை வேறிடத்தில் போடும் என்றார் அண்ணா. நாங்கள் மரங்களை எண்ணினோம். நான் ஒருமுறை, அவர் ஒருமுறை. பதினொன்று.

காய் மட்டும் கிடைக்கவில்லை. பூவும் காயும் இரண்டும் இருந்தால்தான் ஒரு மரத்தின் பதிவு முழுமை. "காயோட ஒரு கெள கெடச்சா நான் எப்டி தெக்கிறேன்னு பாருங்க" என்று அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்த்தார். குரங்கும் இருவாச்சியும் அவரை முந்திக்கொண்டன.

பிறகு அவர் வேலையை விட்டார். மகள் வெளியூரில் பெரிய படிப்பு படிக்கப் போனாள், எங்கள் ஆய்வகச் சம்பளம் அதற்குக் காணாது. சாலை, அணை, விடுதி என்று திட்டம் போடுகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித்தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இதற்காக நான் அவரைத் தப்பாக நினைக்கவே இல்லை. வழியனுப்பு நாளில் அழுதவள் நான் ஒருத்திதான். அவருடைய நோட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. அதைக் கட்டிக் கொடுத்ததும் நானேதான்.

போன வருஷம் கோடையில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து அந்தக் காட்டு ஜாதிக்காய்த் தாளைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். லேபிளைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள், மறுபடியும் லேபிளைப் பார்த்தாள்.

"மேடம், இந்தத் தாள் நம்பரத்தான் இதுல போட்டிருக்காங்க" என்று போனை நீட்டினாள்.

மலைச்சாலையை அகலப்படுத்தி, மேலே விடுதிகள் கட்டுகிற ஒரு திட்டத்துக்கான அறிக்கை. எந்தச் சரிவில் வெட்டப் போகிறார்கள் என்று வரைபடம் இருந்தது. ஓடையின் பெயர் இருந்தது. அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று எழுதாதே என்று சொன்ன அதே பெயர். கீழே ஒரு வரி. இந்த ஓடைக்கரையில் அரிய மரங்கள் இருப்பதாக எந்தப் பதிவும் இல்லை, காட்டு ஜாதிக்காய் இனம் இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் சேகரிக்கப்பட்டுள்ளது என்று. அதற்கு ஆதாரமாக என் தாளின் எண். கடைசிப் பக்கத்தில் அறிக்கை தயாரித்தவர்கள் பட்டியலில் இரண்டாவது பெயர் அண்ணாவுடையது.

யாரோ தெரியாதவர் எழுதியிருந்தால், பாவம் லேபிளை நம்பி ஏமாந்துபோனார் என்று விட்டுவிடலாம். இவர் அங்கே நின்று எண்ணியவர். மரத்தைக் காப்பாற்ற என்று சொல்லி என்னைப் பொய் எழுதவைத்து, அந்தப் பொய்யையே எடுத்து மரத்தின் கழுத்தில் வைத்திருக்கிறார்.

போனில் கேட்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் வாங்க வருவார் என்று தெரியும். ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் போய் நின்றேன். சங்கரா மீன் பையோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"என்னாம்மா, நீ எங்க இந்தப் பக்கம்? வீட்ல விருந்தா?"

"அண்ணா, மலைச்சாலை ரிப்போர்ட்டப் பாத்தேன். அந்த மரம் அங்க இல்லன்னு எழுதியிருக்கீங்க."

பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இல்லன்னு எழுதலயே. பதிவு இல்லன்னுதான் எழுதியிருக்கோம். நல்லா படிச்சுப் பாரு."

"நாம ரெண்டு பேரும் அங்க நின்னோமேண்ணா. எண்ணுனோமே."

"நின்னதெல்லாம் பதிவாயிடுமாம்மா? லேபிள்ல என்னா இருக்குதோ அதத்தான் ஆதாரமா காட்ட முடியும். லேபிள்ல அந்த எடம் இல்ல."

"நீங்கதான எழுத வேணாம்னு சொன்னீங்க!"

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணா குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்றதுக்கு என்னா சாட்சி? எழுதுனது உன் கையி."

நோட்டு எங்கே என்று மட்டும் கேட்டேன். வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது என்றார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்குதும்மா. நான் எழுதலன்னா இன்னொருத்தன் எழுதிட்டுப் போறான். சரி, அத உடு. அம்மா நல்லா இருக்காங்களா?"

அம்மாவை அவர் விசாரித்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அப்படியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டேன். உப்பளம் வரை அழுதுகொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

மறுநாள் முசேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தை மறைத்ததற்குத் தலையாட்டியவர்தான், ஆனால் சதுப்பு அந்த ஓடையில் எந்த இடத்தில் என்று அவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அண்ணாவின் நோட்டில் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டார். இப்போது ஆய்வகத்தின் சார்பில் வனத்துறைக்குக் கடிதம் எழுதினார். சரியான இடத்தையும் ஆதாரத்தையும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஆதாரம் நான்தான். ஆய்வகத்தில் எல்லாரும் வரைபடத்தை என் முன்னால் விரித்து, சதுப்பு எங்கே இருக்கிறது காட்டு என்றார்கள். ஓடைக்கோடு முழுநீளத்துக்கு நெளிந்து போனது. வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணை மூடியபடி போனவளுக்கு என்ன தெரியும்? அந்த முழங்கால் வேர்களை நன்றாக வரைந்து காட்டினேன். அது எந்த வளைவில் என்று விரல் வைக்க முடியவில்லை. பிறகு நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டோம். மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். மழைக்காலம் முடிந்து, அனுமதிக் கடிதம் வந்த வாரத்தில் சரிவு மொட்டையாகிவிட்டிருந்தது. மலையில் இருக்கும் ஜீப் டிரைவர் ஒருவர் வாட்சப்பில் படம் அனுப்பினார். செம்மண்ணும், அதன் நடுவே சேற்று நிறத்தில் ஓடுகிற தண்ணீரும்தான் இருந்தன.

இரண்டு மாதம் கழித்து பார்சல் ஒன்று வந்தது. வெட்டுகிற இடத்தில் கிடைக்கும் தாவரங்களை ஓர் ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனிக்கு விதி. அந்த வேலையை அண்ணாவே செய்திருந்தார். செய்தித்தாளைப் பிரித்தேன். நீள இலைகள், தடித்த காம்பு, அதில் நான்கு காய்கள். பக்குவமாக, ஒரு இலை மடங்காமல் காயவைத்திருந்தார். கூடவே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு.

'தங்கச்சி, இந்தத் தடவ காயோட கெடச்சிருக்கு. உனக்கு சந்தோஷமா இருக்கும். நல்லா தெச்சுடு.'

சீட்டை இரண்டு முறை படித்தேன். கேலி இல்லை. உண்மையாகவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். துறைமுகத்தில் அவர் பேசியதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன், இந்த அன்பை என்னால் மன்னிக்க முடியாது. ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே கொட்டை கடகடவென்று ஓட்டில் இடித்தது. அது நெல்லைப்போலக் காயவைத்து அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கிற விதை இல்லை. ஈரம் போனால் அதன் உயிரும் போய்விடும். ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தால் நாலு கன்றாவது வந்திருக்கும். அது அவருக்குத் தெரியாததில்லை.

தைத்தேன். கோபத்தில் குத்தலும் குதறலுமாகத் தைக்கலாம் என்று ஊசியை எடுத்தேன், கை கேட்கவில்லை. முடிச்சுகள் எல்லாம் பின்பக்கம் ஒழுங்காகவே விழுந்தன. லேபிளில் ஓடையின் பெயரை எழுதினேன். அண்ணா கொடுத்திருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வரை எழுதினேன். இவ்வளவு துல்லியமாக ஓர் இடத்தை நான் எழுதியதே இல்லை. இனிமேல் யார் அங்கே போய் எதைத் திருடப் போகிறார்கள்?

எங்கள் லேபிள்கள் எல்லாம் ஆங்கிலம். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, பூவின் நிறம், பட்டையின் வாசனை போன்றவற்றுக்காக. அந்தக் கட்டத்தில் தமிழில் எழுதினேன். 'வெட்டிய மரத்திலிருந்து எடுத்தது. இந்த மரம் இங்கே இருந்தது எடுத்தவருக்கும், இந்த லேபிளை எழுதியவளுக்கும் முன்பே தெரியும்.'

முசே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இது தாவரவியல் இல்லை, கிழித்துவிட்டு வேறு எழுது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் ஆய்வக முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். குத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"'எழுதியவளுக்கும்'ங்கறத மட்டும் அடிச்சுடும்மா. நீ என்னா பண்ணுவ, பாவம்."

நான் அடிக்கவில்லை.